ஆல்ட்டர் டேபிளில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஐயா, திருப்பூரில் எங்கள் அப்பா 20 வருடமாக நடத்தும் பனியன் கம்பெனியில் இப்போது நானும் பொறுப்பில் இருக்கிறேன். 40 மெஷின். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ரவுண்ட்நெக் டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு 1,200 பீஸ் வெளியே போகிறது. செக்கிங்கில் நூற்றுக்கு 9 பீஸ் ஆல்ட்டருக்கு, அதாவது தப்பைச் சரிசெய்து மறுபடி தைக்க, திரும்புகிறது. அதற்கென்றே இரண்டு டெய்லர்களைத் தனியாக உட்கார வைத்திருக்கிறோம். கெய்சன் (சின்னச் சின்ன மாற்றங்களால் தொடர்ந்து முன்னேறுவது), 5எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைப்பது) பற்றி ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, சுவரில் போஸ்டர் ஒட்டினேன், யோசனைப் பெட்டி வைத்தேன். மூன்று மாதத்தில் நான்கு சீட்டுதான் விழுந்தது. அதில் மூன்று ஃபேன் கேட்டு. “இதெல்லாம் ஜப்பான்காரனுக்குத்தான் சரிப்படும், நம்ம ஆளுங்க பக்கத்துல நின்னு பார்த்தால்தான் வேலை நடக்கும்” என்கிறார் அப்பா. கேமராவும் ஒரு சாஃப்ட்வேரும் வாங்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. வேஸ்ட்டைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூன்று சீட்டுகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஃபேன் கேட்டது யோசனையே இல்லை என்று நினைத்து ஒதுக்கியிருந்தால், அந்தப் பெட்டி அன்றைக்கே மூடிவிட்டது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்கார்ந்து தைப்பவருக்கு முதலில் தோன்றுவது காற்றுதான். வியர்த்த கையோடு வெள்ளைத் துணியைத் தள்ளினால் கறை படும். அந்தக் கறை செக்கிங்கில் பிடிபட்டு, கறை எடுக்கும் ஆளிடம் போய், மறுபடி அயர்னுக்கு வரும். இதுவும் வேஸ்ட் கணக்கில் சேரவேண்டியதுதான். ஆகவே முதல் வேலையாக, ஃபேன் கேட்ட வரிசையில் போய் நின்று பாருங்கள். காற்று வரவில்லை என்றால் இந்த வாரமே மாட்டிவிடுங்கள். சொன்னால் நடக்கும் என்று ஒரு தடவை தெரிந்த பிறகுதான் அடுத்த விஷயத்தை ஆட்கள் வாய் திறந்து சொல்வார்கள்.

யோசனைப் பெட்டியைப் பொறுத்தவரை, உங்கள் லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் இருப்பார்கள். தமிழில் எழுதத் தெரியாதவர்களும், எந்த மொழியிலும் எழுதச் சங்கடப்படுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் சீட்டு எதிர்பார்ப்பது சரியில்லை. மெஷின் பக்கத்தில் போய் நின்று கேட்கத்தான் வேண்டும்.

சரி, வேஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

பனியன் கம்பெனியில் வேஸ்ட் என்றாலே எல்லோருக்கும் கட்டிங் வேஸ்ட்தான் ஞாபகம் வரும். அது மூட்டையாகக் கண்ணுக்குத் தெரிகிறது, எடை போட்டு விற்கிறோம், கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓஇ மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிறது. அதைக் குறைக்க மார்க்கர் போடுவதில், அதாவது துணியில் வெட்டும் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி வரைவதில், கவனமாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கவனிக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறார். யாரும் எடை போடாத வேஸ்ட் ஒன்று உங்கள் தளத்தில் படுத்திருக்கிறது. டேபிளுக்கு அடியிலும், டெய்லர்களின் காலுக்குப் பக்கத்திலும், செக்கிங் மூலையிலும் குவிந்து கிடக்கும் பாதி தைத்த பீஸ்களைச் சொல்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் அதை எண்ணுங்கள். கட்டிங் முடிந்து பேக்கிங்குக்குள் போகாத எல்லாவற்றையும் எண்ணவேண்டும். ஆல்ட்டர் மூட்டையையும் விட்டுவிடாதீர்கள். வரும் எண்ணை 1,200-ஆல் வகுங்கள். 6,000 பீஸ் இருந்தால், இன்று கட்டிங்கில் இருந்து இறங்கும் ஒரு பீஸ் பேக்கிங்குக்குப் போய்ச் சேர சராசரியாக 5 நாள் ஆகும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் கணிதமாகவே நிரூபித்துக் காட்டிய கணக்கு இது. எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். ஒரு சாதாரண ரவுண்ட்நெக் டி-சர்ட்டின் தையல் நேரத்தை மட்டும் கூட்டினால் பத்து நிமிடம் வராது. பத்து நிமிட வேலைக்கு ஐந்து நாள். மீதி நேரமெல்லாம் அந்தப் பீஸ் யாருக்காகவோ காத்துக் கிடக்கிறது. உங்கள் அப்பாவிடம் கெய்சன் என்று பேச்சைத் தொடங்காமல் இந்தக் கணக்கைச் சொல்லித் தொடங்குங்கள். 20 வருடம் தொழில் பார்த்தவருக்கு இது சட்டென்று உறைக்கும்.

ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் வேஸ்ட்டைக் குறைக்கும் இந்த முறையை வளர்த்தெடுத்த டாய்ச்சி ஓனோ, வேஸ்ட்டை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, தூக்கிச் சுமப்பது, தேவையில்லாத வேலையைச் செய்வது, தேக்கி வைப்பது, வீண் அசைவு, பழுது. போஸ்டரில் ஏழையும் ஒரே அளவு எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் ஓனோ முதல் இடம் கொடுத்தது தேவைக்கு மேல், தேவைக்கு முன்னால் செய்து குவிப்பதற்குத்தான். மற்ற ஆறையும் அது மூடி மறைத்துவிடும் என்றார். நம் ஊரில் இதைச் செய்வது கட்டிங். துணி காம்பாக்டிங் (பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) முடிந்து வந்ததும், லைன் எந்த வேகத்தில் போகிறது என்று பார்க்காமல், ஆர்டர் மொத்தத்தையும் வெட்டித் தள்ளிவிடுவார்கள். கட்டிங் மாஸ்டர் வேலையை முடித்துவிட்டார் என்று பாராட்டும் கிடைக்கும். அந்தக் குவியலுக்குள் ஒரு தப்பு இருந்தால், அது வெளியே தெரிவதற்குள் பாதி ஆர்டர் தைத்து முடிந்திருக்கும்.

நான் ஆலோசனைக்குப் போன ஒரு யூனிட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கேயும் ஆல்ட்டர் அதிகம். முக்கியமாகக் கழுத்து. சில பீஸில் ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டைத் துணி) தொங்கும், சிலதில் சுருங்கி இழுக்கும். கழுத்து ஏற்றும் ஓவர்லாக் டெய்லரைத்தான் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். ஆல்ட்டர் டேபிளில் இருந்த அம்மாவிடம் கேட்டபோது, “ரிப்பை அளந்து பாருங்க சார், எனக்கு வர்றது எதுவுமே ஒரே அளவுல இல்லை” என்றார். ஒரு பண்டலில் இருந்து பத்து ரிப் துண்டு எடுத்து டேப் வைத்தோம். நீளமானதற்கும் குட்டையானதற்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். கழுத்து டெய்லர் நாள் முழுக்க ஒவ்வொரு துண்டையும் கையால் இழுத்தும் தளர்த்தியும் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். ரிப் ஏன் அளவு மாறுகிறது என்று கட்டிங்குக்குப் போய்ப் பார்த்தால், ரோலைப் பிரித்த கையோடு டேபிளில் விரித்து வெட்டுகிறார்கள். ரிப் ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். அதைத் தளர விடாமல் வெட்டினால் வெட்டிய பிறகு அது தன்பாட்டுக்குச் சுருங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில். ஏன் தளர விடவில்லை? தளர விட்டு வைக்க ரேக் இல்லை, இடம் இல்லை. இடம் ஏன் இல்லை? வெட்டிக் குவித்த பீஸ்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

ஆக, கழுத்து டெய்லரின் தலையில் விழுந்த பழி, கட்டிங் ஹாலில் இருந்த குவியலில் இருந்து கிளம்பியது. அவரைக் கேமரா வைத்துப் பார்த்திருந்தால், அவர் துணியை இழுப்பது மட்டும் தெரிந்திருக்கும்.

இதற்காகத்தான் ஆல்ட்டர் டேபிளில் இருந்து தொடங்கச் சொல்கிறேன். அந்த இரண்டு டெய்லர்களுக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் கம்பெனியின் தப்புகள் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு வாரம், ஆல்ட்டர் பீஸ்களை ஒரே மூட்டையில் கட்டாமல், தப்பு வாரியாகத் தனித்தனிக் கூடையில் போடச் சொல்லுங்கள். கழுத்து, தோள் சேர்ப்பு, பாட்டம் மடிப்பு அலை, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை என்று. ஒரு நாளைக்கு உங்களுக்கு நூறு பீஸுக்கு மேல் வருகிறது. ஒரு வாரத்தில் இரண்டு மூன்று கூடைகள் மட்டும் வழியும், மற்றவை பாதிகூட நிறையாது. வழியும் கூடையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யக் கிளம்பியவர்கள் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எடுத்த கூடைக்குக் காரணம் தேடும்போது, ‘யார்’ என்ற கேள்வி சூப்பர்வைசர் வாயில் இருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி ஓட்டை அதிகமா? ஊசி எப்போது மாற்றப்படுகிறது என்று பாருங்கள். ஒடிந்தால்தான் மாற்றுவது என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முனை மழுங்கிய ஊசி ஜெர்சித் துணியின் பின்னல் கண்ணியை வெட்டிவிடும். அந்த ஓட்டை செக்கிங்கில்கூடச் சிக்காமல், ஒரு சலவைக்குப் பிறகு வாங்கியவர் வீட்டில் பெரிதாகும். நிட் துணிக்கு உரிய உருண்டை முனை ஊசிதானா, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று ஒரு விதி வைத்தாலே அந்தக் கூடை இறங்கும். இதில் டெய்லர் செய்யக்கூடியது எதுவுமில்லை, ஊசியைப் பூட்டி வைத்திருப்பது ஸ்டோர்.

அடுத்து பண்டல். உங்கள் லைனில் 30 பீஸ் பண்டலா? அதைப் பத்தாகக் குறைத்துப் பாருங்கள். பெரிய பண்டலில் தோள் சேர்ப்பவர் செய்த தப்பு, அந்தப் பண்டல் முடிந்து, அடுத்த டேபிளில் வரிசையில் காத்திருந்து, அவிழ்த்த பிறகுதான் தெரியும். அதற்குள் அவர் அதே தப்போடு இன்னும் இரண்டு மூன்று பண்டல் தைத்திருப்பார். பத்தாக இருந்து, இடையில் குவியலும் இல்லாவிட்டால், பக்கத்து மெஷின்காரர் சில நிமிடத்திலேயே “அக்கா, தோள் ஏறி இறங்குது பாருங்க” என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் லைன் தடுமாறும். ஹெல்பர்கள் அதிகம் நடக்கவேண்டி வரும். மெஷின்களை வேலை ஓடும் வரிசைப்படி நெருக்கிப் போட்டால் அந்த நடையும் குறையும். பேட்லாக் மெஷின் எல்லாம் ஒரு மூலை, ஓவர்லாக் மெஷின் எல்லாம் ஒரு மூலை என்று பிரித்துப் போட்டிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

தப்பு தெரிந்ததும் நிறுத்துவது பற்றியும் சொல்லவேண்டும். ‘லைனை நிறுத்தலாம்’ என்றாலே முதலாளிகளுக்கு வயிறு கலங்கும். ஆனால் உங்கள் ஊர் நிட்டிங் பட்டறையில் போய்ப் பாருங்கள். வட்டப் பின்னல் மெஷினில் ஒரு நூல் அறுந்தால் விளக்கு எரியும், மெஷின் நின்றுவிடும். யாரும் அதைக் குறை சொல்வதில்லை. நிற்காமல் ஓடினால் ரோல் முழுக்க ஓட்டை விழும் என்று எல்லோருக்கும் தெரியும். டொயோட்டா முறையின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924-ல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்தக் குடும்பத்தின் கார் கம்பெனி அதற்குப் பிறகு வந்ததுதான். நிட்டிங்கில் நாம் ஒத்துக்கொண்ட நியாயத்தைத் தையலில் மட்டும் ஏன் மறுக்கவேண்டும்? ஒரே தப்பு மூன்று பீஸில் தொடர்ந்து வந்தால், டெய்லர் கை தூக்கலாம், சூப்பர்வைசர் உடனே வரவேண்டும் என்று வையுங்கள். கை தூக்கியவரைத் திட்டினால் இந்த ஏற்பாடு அன்றோடு முடிந்தது.

இப்போது இந்தக் கடிதத்திலேயே முக்கியமான விஷயம். உங்கள் டெய்லர்களுக்குச் சம்பளம் ஷிப்ட் கணக்கா, பீஸ் ரேட்டா என்று நீங்கள் எழுதவில்லை. பீஸ் ரேட் என்றால், நான் மேலே சொன்ன ஒவ்வொன்றும் அவர் பாக்கெட்டில் கை வைக்கும். பண்டல் சின்னதானால் கட்டி அவிழ்க்கும் நேரம் அவருடையது. கை தூக்கி நின்றால் அந்த நிமிடங்களும் அவருடையவை. ஆகவே மாற்றம் நடக்கும் வாரங்களுக்கு, அவர்கள் அதற்கு முன் வாங்கிய வாரச் சராசரி குறையாது என்று முதலிலேயே சொல்லி, அப்படியே கொடுங்கள். அதைவிடப் பெரிய வாக்குறுதி இன்னொன்று இருக்கிறது. மாற்றத்தால் ஒருவர் 400 பீஸ் தைத்த இடத்தில் 480 தைக்க ஆரம்பித்தால், “வேலை சுலபமாகிவிட்டது” என்று சொல்லி ரேட்டைக் குறைக்கவே கூடாது. ஆல்ட்டர் குறைந்து அந்த இரண்டு டெய்லர்கள் மிச்சமானால், அவர்களை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. லைனிலேயே வேலை கொடுங்கள், அல்லது தப்பு வராமல் தைக்க டெய்லர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பில் வையுங்கள். தான் சொன்ன யோசனையால் தன் பக்கத்து இருக்கைக்காரிக்கு வேலை போனதை ஒருத்தி பார்த்தால், அப்புறம் அந்தத் தளத்தில் யாருமே யோசனை சொல்ல மாட்டார்கள். பல கம்பெனிகளில் இந்த முயற்சி செத்துப்போனது இந்த ஒரு காரணத்தால்தான். போஸ்டர் நன்றாக இல்லாததால் அல்ல. இந்த உறுதிகளை எல்லாம் அப்பா தன் வாயால் சொன்னால் நல்லது. ஆட்கள் நம்புவது அவர் சொல்லைத்தான்.

மணிக்கு மணி புரொடக்‌ஷன் எழுதும் போர்டு உங்களிடம் இருக்கும். அதில் ஒரு கட்டம் சேர்த்து, அந்த மணி நேரத்தில் எதனால் நின்றது என்று டெய்லர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நூல் தீர்ந்தது, லேபிள் வரவில்லை, கரண்ட் போனது, பண்டல் வரவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு எது அதிகம் என்று எண்ணினால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அந்தப் போர்டே சொல்லும். ஒன்றைச் சரிசெய்து, ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, இறங்கியிருந்தால் அதையே நடைமுறையாக்கி, இறங்காவிட்டால் பழையபடி விட்டுவிட்டு வேறு வழி பாருங்கள். இதற்கு மேல் தத்துவம் தேவையில்லை.

ஸ்டைல் மாறும் நாளில் பாதி நாள் போய்விடுகிறது என்றால் அதற்கும் வழி உண்டு. ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் பெரிய பிரஸ் மெஷின்களுக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய ஆயத்தங்களை நின்ற பிறகு செய்யாதீர்கள். அடுத்த கலர் நூல், துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர், லேபிள், ஒப்புதல் ஆன சாம்பிள் எல்லாம் பழைய ஸ்டைலின் கடைசிப் பண்டல் ஓடும்போதே மெஷின் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். காத்திருப்பு எல்லாமே வேஸ்ட் இல்லை. துணி ரோலைப் பிரித்து ஒரு நாள் தளர விடுவது சும்மா கிடப்பதுபோலத் தெரியும். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதில் கை வைத்தால், டி-சர்ட் நீளம் குறைந்து முழு லாட்டும் ரிஜெக்ட் ஆகும். டேமேஜ் ஆகலாம் என்று கூடுதலாக வெட்டி வைக்கும் பீஸையும் முதல் நாளே குறைக்கவேண்டாம். மிஞ்சியது காதர்பேட்டை பனியன் சந்தைக்கு அடிமாட்டு விலைக்குப் போகிறதே என்று உங்களுக்கு ஆதங்கம் இருக்கும். டேமேஜ் இறங்கிய பிறகு அந்தக் கூடுதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வீணாகும் ஒவ்வொரு பீஸுக்கும் பின்னால் சாயப்பட்டறைத் தண்ணீரும் இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் இது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து மீட்க ஆகும் செலவு துணியின் சாயக் கூலியில் ஏறித்தான் உங்களிடம் வருகிறது. அந்தத் துணியைத் தைத்துவிட்டு டேமேஜ் என்று ஒதுக்குவது மனசுக்குக் கஷ்டமான விஷயம்.

ஜப்பான்காரனுக்குத்தான் சரிப்படும் என்று அப்பா சொல்வதற்கு, நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998-ல் சுந்தரம் கிளேட்டன் வாங்கியது. 2002-ல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. பெரிய கம்பெனிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே மெஷினில் நின்றவர்களும் நம் ஆட்கள்தான். நின்று பார்க்கவேண்டும் என்று அப்பா சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது. ஓனோவும் மேனேஜர்களைத் தளத்தில் நின்று பார்க்கத்தான் சொன்னார். ஆளைப் பார்க்காமல், பீஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். அப்பா தினமும் ஒரு மணி நேரம் அப்படி நின்றால், அவருடைய அனுபவத்துக்கு உங்களைவிட வேகமாகக் காரணம் பிடிபடும்.

கேமராவும் சாஃப்ட்வேரும் இப்போது வேண்டாம். பண்டல் எங்கே மாட்டியிருக்கிறது என்று சாஃப்ட்வேர் சொல்லும், ஆனால் 40 மெஷினில் அது எழுந்து நின்றாலே தெரியும். குவியலைக் குறைத்து, லைனை ஒழுங்காக ஓடவிட்ட பிறகும் கணக்கு கைக்கு அடங்கவில்லை என்றால் அப்போது வாங்கலாம். கேமராவை அப்போதும் நான் சொல்லமாட்டேன். வெளியாள் துணை தேவைப்பட்டால், மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சகம் 2023 மார்ச்சில் புதுப்பித்த லீன் (வேஸ்ட்டைக் குறைக்கும் முறை) திட்டம் இருக்கிறது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆலோசகருக்கான செலவில் 90 சதவீதம் வரை அரசே ஏற்கிறது. ஆனால் கூடைகளைப் பிரித்து ஒரு மாதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்ட பிறகு ஆலோசகரைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் அவரும் முதலில் போஸ்டர்தான் ஒட்டுவார்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். மொத்த ஆல்ட்டர் சதவீதம் மட்டும் எழுதினால் போதாது. கூடை வாரியான எண்ணிக்கையும், தளத்தில் கிடக்கும் பீஸ்களின் எண்ணிக்கையும், சம்பள முறையும் சேர்த்து எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எந்தக் கூடையை எடுக்கலாம் என்று பார்ப்போம்.